முகம் சுளிக்காத பிள்ளை

போன வாரம் கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்க உட்கார்ந்தோமே, அன்றைக்கு நான் பாதியில் கத்தியை வைத்துவிட்டு எழுந்து போனதற்கு முட்டிவலி காரணம் இல்லை. உங்கள் பேச்சுதான் காரணம். நம்மில் ஒருத்தியின் பேத்தி, பத்து வயசுதான் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டதும் மாமன் கடையில் கொஞ்ச நேரம் போய் நிற்கலாமா என்று பேச்சு வந்தது. பிள்ளை வேலைக்குத் தயாரா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள். "எங்க காலத்துல எட்டு வயசுலேயே வேல பாத்தோம் லா, கெட்டா போயிட்டோம்?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் கத்திரிக்காயை நறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினீர்கள். நான் எழுந்துவிட்டேன்.

நாமெல்லாம் ஏறக்குறைய ஒரே வயசுக்காரர்கள். ஒரே பினாங்கு மழையில் நனைந்து வளர்ந்தவர்கள். என்னிடம் அந்தக் காலத்துக்கு மாலை போடாதீர்கள். எட்டு வயசில் ஒரு வேலைக்கு நான் தயார் என்று மூன்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். எப்படி முடிவு செய்தார்கள், எதனால் அந்த வேலைக்கு நான் தேவைப்பட்டேன் என்பதைக் கேளுங்கள். அப்புறம் பேத்தியைக் கடைக்கு அனுப்புவதோ அனுப்பாததோ உங்கள் பாடு.

எங்கள் வீடு வண்ணான்துறையில். ஆயர் ஈத்தாம் ரோட்டில் டிராம் போகும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். அப்பா ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கல்லில் துணி அடிப்பார். அம்மா வெள்ளாவி வைப்பாள். வெயில் காலத்தில் அது ஒன்றும் மோசமான வாழ்க்கை இல்லை. கரை முழுக்க வெள்ளை வேட்டிகளும் படுக்கை விரிப்புகளும் காய்ந்துகொண்டிருக்கும், நாங்கள் அதற்கு நடுவில் ஓடிப் பிடித்து விளையாடுவோம்.

ஆனால் தீபாவளிக்கு முந்திய அந்த மழை மாதங்கள் இருக்கின்றனவே, அதை நினைத்தால் இன்றும் என் மூக்கு தானாக மூடிக்கொள்கிறது. ஊர்த் துணி எல்லாம் வீட்டுக்குள்ளே கொடி கட்டித் தொங்கும். எவனோ ஒரு துரையின் கால்சட்டை சொட்டச் சொட்ட, அதற்கு அடியில் உட்கார்ந்து நாங்கள் சோறு தின்போம். கஞ்சிப் பசை புளித்துப்போய் நாறும். காயாத துணியில் பூசணம் பிடித்து ஒரு முடை வீசும். பாயில் படுத்தால் முதுகு பிசுபிசுக்கும். ஆற்றுத் தண்ணீர் மலையிலிருந்து சேற்றை அடித்துக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரில் எதைத் துவைத்து எதை வெளுப்பது?

அந்த மழையில்தான் பெரியம்மா துறைக் கல்லில் சறுக்கி விழுந்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, பெரியம்மா எங்கள் வரிசைக்கே ஆனை மாதிரி. அப்பாவின் அண்ணன் மனைவி. புருஷன் செத்தபிறகு எங்களோடு ஒட்டிக் குடியிருந்தாள். கணுக்கால் வீங்கி, தரையில் ஊன்ற முடியாமல் போனது. அவள் விழுந்ததால் ஒரு வேலை நின்றுபோனது. அந்த வேலையை ஆண்கள் செய்யக்கூடாது.

டவுனில் இருந்த வசதியான தமிழ் வீடுகளில் பெண்கள் மாதாமாதம் வீட்டுக்குத் தூரமானால், அந்தத் துணியை அவர்கள் வீட்டு வேலைக்காரி தொடமாட்டாள். ஆம்பளை வண்ணானிடமும் கொடுக்கமாட்டார்கள். வண்ணாத்தி வந்து பின்வாசலில் நின்று வாங்கிப் போகவேண்டும். கப்பல் ஏறி வந்தபோது எதை விட்டுவிட்டு வந்தார்களோ தெரியாது, இதை மட்டும் மறக்காமல் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். பெரியம்மாதான் வீடு வீடாகப் போய் எடுத்து வருவாள். அம்மா அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி, அந்த மூட்டையைத் தூக்கக்கூடாது என்று சாஸ்திரம். மிச்சம் இருந்த பெண், நான்.

"கை காதத் தொடுதா பாரு," என்றார் அப்பா. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைக்கு மேலே கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்வார்களே, அந்தப் பரீட்சை. நான் ஓடிவந்து தொட்டுக் காட்டினேன். எனக்கு அது முன்னேயே தேறிய பரீட்சை.

பெரியம்மா படுத்த இடத்திலிருந்தே சிரித்தாள். "காதத் தொட்டா பள்ளிக்கூடத்துக்கு ஆவும். இதுக்கு வேற பரீட்ச இருக்கு. அந்த மூலத் தோங்க இழுத்துட்டு வா."

மூலையில் இருந்த தோங் என்பது மூடி போட்ட மரத்தொட்டி. அழுக்குத் துணி ஊறிய பழைய தண்ணீரும் புளித்த கஞ்சியும் அதில் கிடந்து மக்கிக்கொண்டிருக்கும். அப்பா மூடியைத் திறந்தார். பெரியம்மா என் பிடரியைப் பிடித்துத் தொட்டிக்கு மேலே குனிய வைத்தாள். "மூஞ்சியச் சுளிக்காம இரு பாப்போம்," என்றாள்.

என்ன வாடை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கண்ணில் நீர் வந்தது. நான் மனசுக்குள்ளே பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். ஓர் பதிமூணு பதிமூணு, ஈர் பதிமூணு இருபத்தாறு. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். வாய்ப்பாடு முடியும்வரை பெரியம்மா பிடியை விடவில்லை. தூரத்தில் நின்ற அம்மாதான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"பிள்ள தயாரு," என்றாள் பெரியம்மா. "வீட்டம்மா முன்னால மூஞ்சி சுளிச்சா அவங்களுக்கு அவமானம். இவ சுளிக்கல."

இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அழுக்காக்கியவர்கள் மூக்கைப் பிடிக்கலாம், விலகி நிற்கலாம், தலைமுழுகலாம். தூக்குகிறவள் மட்டும் முகம் சுளிக்கக்கூடாது. அவமானம் யாருக்கு என்று பெரியம்மா எவ்வளவு தெளிவாகப் புரிந்து வைத்திருந்தாள் பாருங்கள். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. தேறிவிட்டேன் என்று குதித்தேன்.

நான் அப்போது பெண்பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பிள்ளை பிறந்ததும் என்னை நிறுத்திவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு இருந்தது எனக்குத் தெரியும். அதனால் அப்பாவிடம் பேரம் பேசினேன். இந்த வேலைக்குப் போகிறேன், பள்ளிக்கூடத்தை நிறுத்தக்கூடாது. அப்பா யோசித்தார். "சரி. காலையில பள்ளிக்கூடம், மத்தியானம் இது. இது நின்னா அதுவும் நிக்கும். சொல்லிப்புட்டேன்," என்றார். அப்பா சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரே சொல்லும்.

எனக்கு இரண்டு கட்டளைகள். மூட்டையைப் பிரிக்கக்கூடாது. என்னவென்று கேட்கக்கூடாது. நானும் கேட்கவில்லை. பெரிய வீட்டுப் பெண்களுக்கு மட்டும் வருகிற ஏதோ ஆறாத புண் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அவர்கள்மேல் எனக்கு இரக்கம்கூட இருந்தது. பாவம், இவ்வளவு பெரிய வீட்டில் இருந்தும் வைத்தியர் கிடைக்கவில்லையே என்று.

மூடி போட்ட பிரம்புக் கூடை ஒன்று பெரியம்மாவுடையது. அதைத் தலையில் வைத்தால் என் கண் மறையும். வீடுகளின் முன்பக்கம் அஞ்சடி நடைபாதை, பூந்தொட்டி, பளபளக்கும் கதவு. நான் போவது பின்சந்து. ஒவ்வொரு வீட்டின் பின்சுவரிலும் தரையை ஒட்டி ஒரு சின்னக் கதவு இருக்கும், கக்கூஸ் வாளியை இழுத்து எடுப்பதற்கு. அந்தச் சந்தில் சாக்கடை மட்டும்தான் நடுவில் நேராக ஓடும். வாளி எடுக்கிற சீனன் காலையில் வந்து போனபிறகு மத்தியானம் நான் வருவேன். ஈக்களுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரியும்.

நான் போன வீடுகளில் பெரிய வீடு கிராணியார் வீடு. அவர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே. வாசலில் ரிக்‌ஷா நின்றுகொண்டே இருக்கும். வீட்டம்மா குண்டும் சிவப்புமாக இருப்பாள். சந்தன சோப்பு வாசம் அவளுக்கு முன்னாலேயே வந்து நிற்கும். கொடியில் துணி எடுக்கும் கோலால் மூட்டையைத் தள்ளித் தள்ளி என் கால்வரைக்கும் கொண்டுவருவாள். நான் குனிந்து எடுத்ததும் அந்தக் கோலைக் குழாயடியில் கழுவுவாள். அப்புறம் கையை, முழங்கைவரைக்கும், சோப்புப் போட்டு. மூட்டையை அவள் தொடவே இல்லை. இருந்தாலும் கழுவுவாள். என்னைப் பார்த்ததற்குக் கழுவினாளோ என்னவோ. இன்றைக்கும் யாராவது சந்தன சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நான் எழுந்து இடம் மாறிவிடுவேன். உங்களில் ஒருத்தி அந்த சோப்புதான் போடுகிறாய். இப்போது தெரிந்துகொள்.

கூலிக்குச் சோறு. மிச்சச் சோற்றையும் குழம்பையும் என் தகரக் குவளையில் உயரத்திலிருந்து ஊற்றுவாள். ஒருநாள் ஒரு வடை குவளைக்குத் தப்பி மண்ணில் விழுந்தது. "எடுத்துக்கோ, கழுவுனா போச்சு," என்றாள். நான் எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனேன். "ஏ குட்டி! கொழாயத் தொடாதே!" என்று கத்தினாள். மண்ணோடு தின்றேன். பல்லில் நறநறத்தது. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

அந்த வீட்டுக்கு ஒரே மகள். எங்கள் பள்ளியிலேயே படித்தாள், கடைசி வகுப்பில். என்னைவிட நாலைந்து வயசு பெரியவள். பெரிய டீச்சருக்குத் தொண்டை கட்டினால் சின்ன வகுப்புகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க அவளைத்தான் அனுப்புவார்கள். அவளிடம் மூடியில் நீராவிக் கப்பல் படம் போட்ட ஒரு தகரப் பென்சில் பெட்டி இருந்தது. தப்பில்லாமல் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை கையில் அந்தப் பெட்டியை அன்று முழுக்க வைத்திருக்கலாம். எனக்குப் பதிமூன்றாம் வாய்ப்பாடு தண்ணீர்பட்ட பாடானதற்கு அந்தக் கப்பல்தான் காரணம். மூடியைத் திறந்தால் உள்ளே மரச் சீவலும் மையும் கலந்து மணக்கும். அந்த மழைக்காலத்தில் என் மூக்குக்குக் கிடைத்த ஒரே நல்ல வாசம் அது.

பள்ளியில் இப்படி இருந்தவள் வீட்டில் என்னைப் பார்க்கமாட்டாள். பின்வாசலிலிருந்து பார்த்தால் வானம் தெரிகிற நடுமுற்றம், அதன் ஓரத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். தலையைத் தூக்கவே மாட்டாள். முதலில் எனக்கு அழுகை வந்தது. பிறகு கவனித்தேன், நான் நிற்கிறவரைக்கும் அவள் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

தீபாவளி முடிந்ததும் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருவார், கடைசி வகுப்பில் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து இங்கிலீஷ் பெண்கள் பள்ளிக்கு அனுப்புவார் என்று டீச்சர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு பிள்ளை யார் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவளுக்கும் இல்லை. இடைவேளையில் மரத்தடியில் நின்று இங்கிலீஷில் தனக்குத்தானே பேசிப் பார்ப்பாள். நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம், வீட்டம்மா கோலை எடுக்கவில்லை. படியிறங்கி என் அருகிலேயே வந்து நின்றாள். நான் ஒதுங்கினேன். அவள் ஒதுங்கவில்லை.

"பெரியம்மா கால் எப்படி இருக்கு?" என்றாள்.

"இன்னும் ஊன முடியலம்மா."

"நல்லதாப் போச்சு. அவள வரச் சொல்லாதே, நீயே வா. நீதான் கெட்டிக்காரி, எதையும் கேக்கமாட்டே. அவளுக்கு வாய் நீளம்." பிறகு பழைய துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையாலேயே என் கூடையில் வைத்தாள். "இது உனக்கு. பழசு, குடுத்தாங்கன்னு வீட்ல சொல்லு. வேற யாருகிட்டயும் மூச்சு விடாதே."

அன்று முற்றத்தில் மகளைக் காணோம்.

சந்து முனையில் கட்டளையை மீறிப் பொட்டலத்தைப் பிரித்தேன். பச்சை சாட்டின் பாவாடை. அடியில் ஜரிகை. ஈரமாக இருந்தது, யாரோ துவைக்கத் தெரியாமல் துவைத்த மாதிரி கசங்கிக் கிடந்தது. அதற்கு என்ன? அவ்வளவு அழகான துணியை நான் துவைத்துக் கொடுக்கும் மூட்டையில் பார்த்திருக்கிறேனே ஒழிய, எனக்கென்று பார்த்ததில்லை. வேலையைச் சரியாகச் செய்கிற பிள்ளைக்குப் பரிசு தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வீடுவரைக்கும் ஓடினேன்.

அம்மா பாவாடையை விரித்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அதைத் தனியாக எடுத்துப்போய் ஊறவைத்தாள், தனியாகத் துவைத்தாள். "பெரியம்மாகிட்ட காட்டாதே," என்றாள்.

"ஏம்மா?"

"கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல."

துணியைத் தினமும் கையில் பிடிக்கிற அம்மாவுக்கு அது தெரியாமல் இருக்குமா? எனக்கு அது தெரிய வருஷங்கள் ஆயின. கிராணியார் மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் வயசுக்கு வந்தால் முதலில் வண்ணாத்திக்குச் சொல்லி அனுப்பவேண்டும். அவள் வெளுத்த மாற்றுத் துணி கொண்டுவந்து கொடுப்பாள். பெண் உடுத்தியிருந்த துணி அவளுக்குச் சொந்தம், சடங்கில் சீரும் உண்டு. அந்தத் துணியை வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் வண்ணாத்திக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்னதாகிவிடும். ஊருக்குத் தெரிந்தால் மகளை அதற்குப்பிறகு பள்ளிக்கு அனுப்ப முடியாது. வயசுக்கு வந்த பெண் புத்தகப் பையோடு ரோட்டில் நடப்பதை அந்த வட்டாரத்துக் குடும்பத்தார் சகிக்கமாட்டார்கள்.

வீட்டம்மா என்ன செய்தாள் பாருங்கள். இன்ஸ்பெக்டர் வந்துபோகும்வரை விஷயத்தை மறைப்பது என்று முடிவு செய்தாள். அதுவரைக்கும் நல்ல முடிவு, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தீட்டுத் துணியை வீட்டில் வைக்கவும் பயம். மறைக்கவும் வேண்டும், சாஸ்திரமும் கெடக்கூடாது. இரண்டுக்கும் சேர்த்துக் கைக்கு அகப்பட்டது ஒரு பிள்ளை. தூக்கும் அளவுக்கு வளர்ந்தது, புரியும் அளவுக்கு வளராதது. இதைத்தான் அவர்கள் 'தயார்' என்றார்கள். அவள் பிள்ளை படிக்க என் பிள்ளைத்தனம் செலவானது. த்தூ.

தீபாவளி காலையில் எங்கள் வீட்டில் எனக்குப் புதுத்துணி இல்லை. மழையால் வேலை இல்லை, அப்பாவிடம் ஒன்றும் இல்லை. நான் மூலையில் உட்கார்ந்து அழுததைப் பொறுக்காமல் அம்மா அந்தப் பாவாடையை எடுத்து, இடுப்பை மடித்துத் தைத்து, எனக்குக் கட்டிவிட்டாள். பெரியம்மாவால்தான் நடக்க முடியாதே என்று நினைத்தாள். பலகாரம் கேட்டுப் பெரியம்மா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நிற்பாள் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை.

பெரியம்மா பாவாடையையே பார்த்தாள். "இது யாரு குடுத்தா?"

"கிராணியார் வீட்ல. பழசாம்," என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"பழசா? சாயங்கூட இன்னும் மங்கல. தீவாளிக்கு முந்தி தீவாளிப் பாவாடைய எவடி பழசுன்னு குடுப்பா?" அப்புறம் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவிங்களா! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறாளுங்களா! பிள்ள வாய் பேசாது, துணி பேசுமே! அந்த வீட்டுக்கு எத்தன வருஷமா தூக்குறேன், எனக்கு ஒரு சொல்லு இல்லையா?"

அப்பா தடுத்தார். "வேணாம் அண்ணி, சூசாவாப் போயிடும், அவங்க வேலய நிறுத்திட்டா என்ன பண்றது," என்றார். பெரியம்மா கேட்கவில்லை. ஒரு தட்டில் வெளுத்த சேலையை மடித்து வைத்து, மேலே வெற்றிலை பாக்கு வைத்து, அதை என் கையில் கொடுத்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள். அவளுடைய உரிமை அது. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்ததே அந்த ஒரு உரிமைதான். அதைப் பறிகொடுத்தவளின் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கும் தட்டு ஏந்த என் கைதான் கிடைத்தது.

பின்சந்துக்குள் திரும்பப் போன என்னைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னிக்கு முன்வாசல்," என்றாள்.

அஞ்சடியில் ஏறி நின்றோம். கூடத்தில் கிராணியார், அவருடைய ஆபீஸ் நண்பர்கள், அவர்களுடைய மனைவிமார், எல்லாரும் பட்டும் ஜவ்வாதுமாக உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டிருந்தார்கள். நான் அந்தப் பச்சைப் பாவாடையோடு தட்டை ஏந்தி நின்றேன்.

"மாத்துக் கொண்டாந்திருக்கேன், அம்மா," என்று பெரியம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "சொல்லிவிட மறந்துட்டீங்க போல."

பெண்கள் வாயில் போட்டதை மெல்லாமல் நிறுத்தினார்கள். வீட்டம்மா உள்ளேயிருந்து வந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். அப்புறம் கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"மாத்துமில்ல ஒண்ணுமில்ல. இந்தக் குட்டி கொடியில கெடந்த பாவாடையத் திருடிட்டுப் போயிருச்சி. நாலு நாளாத் தேடுறோம்."

கெட்டிக்காரி என்று சொன்ன வாய்தான் அது. அவ்வளவு சுலபமாகச் சொன்னாள், ஈயை ஓட்டுகிற மாதிரி. கிராணியார் தன் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். மகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்ப ஆசைப்பட்டவரே அவர்தான். அவருடைய மனைவி பொய் சொன்னதைக்கூட நான் எப்போதாவது மன்னித்திருப்பேன். அந்தக் கோப்பையை மன்னிக்கமாட்டேன். பெரியம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின. அவள்கூட ஒரு கணம் நம்பிவிட்டாள்.

"திருடினியா?" என்றாள் என்னிடம்.

மூச்சு விடாதே என்று சொல்லிக் கொடுத்தார்களே, அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன்.

"அவ திருடல."

மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. மகள் பாதிப்படியில் நின்றாள். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற அதே குரல், அதே தெளிவு. "அம்மாதான் குடுத்தாங்க. அது என் பாவாடை. மாத்துக் கொண்டாந்தவங்க சொல்றது சரி."

அவ்வளவுதான். வந்திருந்த பெண்களில் ஒருத்தி, "அப்பிடியா சங்கதி!" என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள். இன்னொருத்தி குலவை போட்டாள். வீட்டம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். நான் மகளைப் பார்த்தேன். வீட்டில் வைத்து அவள் என்னை நேராகப் பார்த்தது அன்று ஒருநாள்தான். பெண்கள் படியேறி அவளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள்.

அதற்குப்பிறகு பள்ளியில் அவளைக் காணோம். நான் போய்க்கொண்டிருந்தேன். பெரியம்மாவால் கொஞ்சம் நடக்க முடிந்தாலும் கூடை தூக்க முடியவில்லை. அதனால் வேலையும் நிற்கவில்லை, பள்ளியும் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கடைசி வகுப்பைக் கேள்வி கேட்டார். வேறொரு பிள்ளை பேரைச் சொல்லிக் கைதட்டினார்கள். நாங்கள் எல்லோரும் தட்டினோம்.

சடங்கு அன்று பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், இந்தமுறை பின்வாசல் வழியாக. வெளுத்த துணி கொடுத்தோம். பெரியம்மாவுக்குச் சேலையும் தேங்காயும் கிடைத்தன, அவள் குளிர்ந்துபோனாள். என் கையில் ஒரு லட்டு விழுந்தது, அதே உயரத்திலிருந்து. நெய் வழிந்துகொண்டிருந்தது. வாயில் போட்டுக்கொண்டேன்.

பின்கட்டில் ஓலை மறைப்புக்குள் அவள் மனையில் உட்கார்ந்திருந்தாள். தலை நிறையப் பூ, கழுத்து நிறைய நகை, முகம் முழுக்க மஞ்சள். மாற்றுத் துணியை உள்ளே வைக்க என்னைத்தான் அனுப்பினார்கள். நான் குனிந்து வைத்தபோது அவள் உதடு அசையாமல் கேட்டாள்.

"இன்ஸ்பெக்டர் வந்தாரா?"

"வந்தாரு."

"என்ன கேட்டாரு?"

"வாய்ப்பாடு. பதிமூணாம் வாய்ப்பாடு."

வெளியே ஒருத்தி மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், தைப்பிங்கில் சொந்தக் கடையாம், இரண்டாம் தாரமாம், இருந்தால் என்ன, நல்ல இடமாம். அது அவள் காதிலும் விழுந்தது. அவள் முகத்தையே பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கண்ணில் மட்டும் நீர் கோத்து நின்றது. உதட்டுக்குள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது என்னவென்று தெரியும், நானும் தொட்டிக்கு மேலே குனிந்தபோது அதைத்தான் சொன்னேன்.

பெரியம்மா மறைப்பை விலக்கி எட்டிப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டே, திருப்தியாக, வீட்டம்மாவிடம் சொன்னாள். "மூஞ்சியில ஒரு சுளிப்பு இல்ல பாருங்க. பொண்ணு தயாராயிருச்சிம்மா."

நான் கூடையைப் போட்டுவிட்டுச் சந்துக்கு ஓடினேன். வாளிக் கதவுக்குப் பக்கத்தில், சாக்கடை ஓரத்தில், லட்டு, காலையில் தின்ற கஞ்சி, எல்லாம் வந்தது. அத்தனை வீட்டு மூட்டையைத் தூக்கியபோது ஒருநாளும் வராத வாந்தி. நிற்கவே இல்லை. வெறும் பித்தநீர் வரும்வரை எடுத்தேன்.

பெரியம்மா கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"சீ, இவ்வளவுதானா நீ? தயாருன்னு நெனச்சேனே," என்றாள். "நீ இந்த வேலைக்கு ஆவமாட்டே லா."

வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் அதையே சொன்னாள். அப்பா என் சிலேட்டை எடுத்துத் துணிமூட்டைகளுக்கு மேலே, என் கைக்கு எட்டாத பலகையில் வைத்தார். சொன்ன சொல் மாறாதவர்.